கதையக்காவின் வீட்டுக்காரர்

செத்துப்போன ஒரு அம்மாவை நாங்கள் இரண்டு வாரமாக உயிரோடு வைத்திருந்தோம் என்பது ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு எனக்குத் தெரிய வந்தது. அன்றைக்குத் தூக்கிவாரிப் போட்டது இன்னும் முழுதாக அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கதையக்காவைப் பற்றி யாராவது ஒருவர் உள்ளது உள்ளபடி எழுதி வைக்க வேண்டும். எங்கள் பட்டறையில் அதற்குப் பொறுமை உள்ளவர்கள் வேறு யாரும் கிடையாது.

பட்டறை என்றால் டோப்பா செய்கிற இடம். வாசல் பலகையில் நாகரிகமாக ‘விக்’ என்று எழுதியிருக்கும், உள்ளே நாங்கள் அதைத் ‘தலை’ என்போம். “இந்த மாசம் எத்தன தலை விழுந்துச்சு?” என்று முதலாளி படியேறும்போதே கேட்டுக்கொண்டு வந்தால் புதிதாக வேலைக்கு வந்தவள் மிரண்டு போவாள். இரண்டாவது மாடியில் நீளமாக ஒரே அறை. பதினொரு நாற்காலி, பதினொரு மரத்தலை. மரத்தலையின் மேல் வலையை மாட்டி, நுனியில் கொக்கி உள்ள ஊசியால் இரண்டு முடி மூன்று முடியாக இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு தலை முடிய ஒருத்திக்கு மூன்று வாரம் பிடிக்கும். நான் முடிச்சுப் போடுவதில்லை. அளவு பார்த்து வலை வெட்டுவதும், முடிந்த தலையைச் சரிபார்ப்பதும் என் வேலை. அதனால் எனக்குக் ‘கத்தரி’ என்று பெயர். வாயைப் பார்த்து வைத்த பெயர் என்று சொல்கிறவர்களும் உண்டு, ஊர் வாயை மூட முடியுமா?

இந்த வேலையில் கையும் கண்ணும் நகராது, காது மட்டும் சும்மா இருக்கும். காது சும்மா இருந்தால் வாய் சும்மா இருக்காது. பேசினால் முகம் திரும்பும், முகம் திரும்பினால் முடிச்சு தப்பும். முதலாளி ரேடியோ வைத்துப் பார்த்தார். பாட்டுக்கு இவர்கள் தலையாட்டியதில் ஒரு டோப்பாவின் வகிடே பாம்பு போன மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் கதையக்காவுக்கு வலது கட்டைவிரல் மரத்துப் போனது. பதினைந்து வருஷம் முடிச்சுப் போட்ட விரல். அவளை வீட்டுக்கு அனுப்ப முதலாளிக்கு மனசு வரவில்லை, வைத்துக்கொள்ளவும் வேலை இல்லை. ஒருநாள் மத்தியானம் அவள் ஒரு நாவலைப் பக்கத்து நாற்காலிக்காரிக்கு மெதுவாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அறை முழுக்க அமைதியாகி, எல்லாக் கொக்கியும் ஒரே சீராக ஓடியதை முதலாளி வாசலில் நின்று பார்த்தார். மறுநாளே எல்லோருக்கும் எதிரே ஒரு நாற்காலி போட்டுவிட்டார்.

“நீ படிம்மா. ஆனா ஒண்ணு, கொக்கி நிக்கக் கூடாது. நின்னா அந்தப் புத்தகமே வேண்டாம்.”

அப்படித்தான் அவள் கதையக்கா ஆனாள். பதினொரு வருஷம், மாசத்துக்கு ஒரு நாவல் என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முதலாளி பழைய புத்தகக் கடையில் கட்டுக் கட்டாக வாங்கிவந்து அலமாரியில் அடுக்குவார். எல்லாம் இந்தக் காலத்து நாவல்கள். தனியாக இருக்கிற ஒருத்தி, தான் யார் என்று தெரியாத ஒருத்தன், காதலித்து ஒத்துவராமல் போன இரண்டு பேர். தலைப்பு எதுவும் எங்களுக்கு நினைவில் நிற்காது. நாங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்வோம். வேலை முடிந்து எழுந்தால் எழுத்தைப் பார்த்தாலே கண் கசியும், அதனால் அந்த அலமாரியைக் கதையக்காவைத் தவிர யாரும் திறந்ததில்லை.

படித்து முடித்த மறுநாள் காலை டீ வரும்போது அபிப்பிராயம் வரும். அவளுடையது இல்லை, அவள் வீட்டுக்காரருடையது. ராத்திரி அவரிடம் கதையைச் சொல்வாளாம், அவர் துணி மடித்துக்கொண்டே கேட்பாராம், பிறகு நிதானமாக ஒன்று சொல்வாராம்.

“எங்க வீட்டுக்காரர் சொல்றாரு, இப்ப எழுதுறவங்களுக்குத் தனிமைன்னா ஒரு ஜன்னல் வேணும். ஜன்னல் பக்கத்துல ஒரு நாற்காலி, கையில ஒரு கோப்பை. அப்ப ஜன்னல் இல்லாத வீட்டுல இருக்கிறவனுக்குத் தனிமையே வராதாங்கிறாரு.”

இன்னொரு நாள், “முந்நூறு பக்கம் நான் யாரு நான் யாருன்னு தேடுறான். எங்க வீட்டுக்காரர் சொல்றாரு, பக்கத்து வீட்டுல விசாரிச்சிருந்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பாங்களேன்னு.”

காதலைப் பற்றி அவருக்குத் தனிக் கோபம் இருந்தது. இந்த நாவல்களில் காதலிக்கிறவர்களுக்குச் சளியே பிடிப்பதில்லை, மனசு மட்டும்தான் வலிக்கிறது என்பார். போனில் மூன்று புள்ளி வந்து வந்து மறைவதை ஒரு அத்தியாயம் முழுக்க எழுதியவனைப் பற்றி, “மூணு புள்ளிக்கு இருபது பக்கம்னா முற்றுப்புள்ளிக்கு எவ்வளவு எழுதுவான்?” என்று கேட்டாராம். பிடித்த நாவலும் உண்டு. கணவன் தூங்கப் போகும்முன் மனைவியின் பக்கத்துத் தண்ணீர்ச் செம்பை நிரப்பி வைக்கிற ஒரே ஒரு வரிக்காக அவர் ஒரு புத்தகத்தை இரண்டு தடவை கேட்டாராம். அன்றைக்குப் பட்டறையே பெருமூச்சு விட்டது.

எங்கள் வீடுகளில் அவர் செய்த கலவரம் கொஞ்சநஞ்சமல்ல. என் வீட்டுக்காரர் டிவி முன்னால் உட்கார்ந்தபடியே குறட்டை விடுகிற ஜாதி. “கதையக்கா வீட்டுக்காரரப் பாருங்க, மனுஷன் நாவல் கேக்கிறார்” என்று நான் சொல்லாத வாரம் இல்லை. ஆளை நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. கூச்ச சுபாவம், வீட்டுக்கு யாரும் வந்தால் உள்ளே போய்விடுவார் என்று அக்கா சொல்லியிருந்தாள். தங்கமான மனுஷனுக்குக் கூச்சம் இருந்தால் என்ன என்று விட்டுவிட்டோம்.

இனி சுருட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலாவது நாற்காலி. இந்தக் கதையில் நஷ்டப்பட்டவள் அவள்தான். வேலைக்குச் சேர்ந்த அன்று, “சொந்தத் தலையிலயே இவ்வளவு வெச்சுக்கிட்டு இங்க எதுக்கு வந்த?” என்று கேட்டோம், முடி அப்படிச் சுருண்டு கிடக்கும். முப்பத்து நாலு வயது. புருஷன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனான், ஒரு வருஷம் போன் வந்தது, அப்புறம் கிணற்றில் போட்ட கல். அவனுக்கு அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று சுருட்டையின் கூடப் பிறந்த அண்ணனே விசாரித்துச் சொல்லிவிட்டான். பிரிந்து போகச் சம்மதம் கேட்டு அவனிடமிருந்து தபாலில் காகிதமும் வந்தது. சுருட்டை அதில் கையெழுத்துப் போடவில்லை. பெட்டிக்கடியில் வைத்துவிட்டாள்.

ஏன் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால் கதையக்கா ‘கதவுக் கதை’ படித்தாள். ஒருத்தி, போன புருஷனுக்காக ஏழு வருஷம் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் தூங்குகிறாள். அவன் சாவி அவனிடம் இருக்கிறது, எந்த ராத்திரியும் வரலாம். கடைசி அத்தியாயத்தில் பையும் கையுமாக அவன் வந்து நிற்கிறான், “தண்ணி இருக்கா?” என்று கேட்கிறான். எல்லோரும் அழுதோம், அழுதபடியே கொக்கியும் ஓடியது. அதற்கடுத்த வாரம்தான் அந்தக் காகிதம் பெட்டிக்கடியில் போனது.

வெள்ளிக்கிழமைதோறும் முடிக்கட்டு கொண்டு வருகிற வண்டிக்காரர் மூன்று வருஷமாகச் சுருட்டையைப் பார்த்தால் கட்டு எண்ணிக்கையைத் தப்பவிடுவார். வம்பு பேசாத ஆள். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“எனக்குத் துறைமுகத்துப் பக்கம் மாத்திட்டாங்க. அடுத்த வெள்ளிதான் இந்தப் பக்கம் கடைசி லோடு. அவங்ககிட்ட ஒரு தடவ கேட்டுச் சொல்றீங்களா? வேணாம்னா பரவால்ல, திரும்பக் கேக்க மாட்டேன்.”

கேட்டேன். சுருட்டை கொக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அக்கா, அந்தக் கதவுக் கதையில அவன் வந்தான்ல?” என்றாள், அவ்வளவுதான். கதையிலேயே வந்துவிட்டானே, நான் என்னத்தைச் சொல்ல?

அதற்கு அடுத்து வந்ததுதான் அந்தத் திங்கட்கிழமை. கதையக்காவுக்குத் தொண்டை கட்டி, டாக்டர் ஐந்து நாள் வாயே திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கதை பாதியில் நிற்கிறது. ‘மாடிவீட்டுக்காரி’. ஒன்பதாவது மாடியில் தனியாக இருந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். தினம் சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போடுவாள், அந்த அம்மா வாய்க்கு வந்தபடி திட்டுவாள். “ஒன்பதாவது மாடியில என்னடி இருக்கு, கழுகா நீ?” என்று அவள் கேட்டதிலிருந்து எங்கள் எல்லோருக்கும் அந்த அம்மா செல்லம். முடித்தூசியில் நாள் முழுக்கத் தும்முவதால் ‘தும்மல்’ என்று பெயர் வாங்கிய கடைசி நாற்காலிக்காரி, அந்த அம்மாவுக்காகவே வேலைக்கு வருவதாகச் சொன்னாள். பட்டறையில் கண்ணாடி போடாமல் படிக்க முடிந்தவள் நான்தான். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அடையாளம் வைத்த பக்கத்தைத் திறந்தேன்.

முதல் வரியைப் படிக்க வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ‘அம்மா இறந்து ஏழு மாதம் ஆகியும் அந்த எண்ணை அவள் அழிக்கவில்லை’ என்று இருந்தது.

வேறு புத்தகமோ என்று அட்டையைப் பார்த்தேன். அதே புத்தகம். பின்னால் புரட்டினேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அம்மாவைப் புதைத்தாகிவிட்டது. அதற்கப்புறம் அந்தப் பெண் தினம் சாயங்காலம் போன் போடுகிறாள், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. புத்தகமே அதுதான். நாங்கள் கேட்ட திட்டு, கேலி, கழுகு ஒன்றும் அதில் இல்லை. யாரும் எடுக்காத போனைக் கதையக்கா எடுக்க வைத்திருக்கிறாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிரே பதினொரு முகம். “என்ன கத்தரி, எழுத்துக் கூட்டுறியா?” என்றாள் ஒருத்தி. உளறினேன். அம்மா போனை எடுத்தாள், “சாப்பிட்டியா?” என்றாள், மகள் “ம்” என்றாள், அம்மா “சரி” என்றாள். அரை மணி நேரம் அம்மாவும் மகளும் “சரி, சரி” என்றே பேசினார்கள்.

“அம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? இன்னைக்கு ஒண்ணுமே திட்டல,” என்றாள் தும்மல், உண்மையான கவலையோடு.

சாயங்காலம் எல்லோரும் போனபிறகு அலமாரியைத் திறந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன், இங்கே ஒரு தோட்டமே மறைந்திருந்தது. நாங்கள் கல்யாணம் செய்துவைத்த ஜோடி புத்தகத்தில் பிரிந்திருந்தது. நாங்கள் மன்னித்த அப்பன் புத்தகத்தில் மன்னிக்கப்படவே இல்லை. கதவுக் கதையைத் தேடி எடுத்தேன். கடைசி அத்தியாயத்தில் புருஷன் வரவில்லை. பூட்டுக்காரன் வருகிறான். அவள் பழைய பூட்டைக் கழற்றச் சொல்லி, புதுப் பூட்டுப் போட்டு, ஏழு வருஷத்தில் முதல் தடவையாகக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தூங்குகிறாள். எங்கோ இருக்கிறவன் சட்டைப் பையில் கிடக்கிற சாவி இனி எந்தக் கதவையும் திறக்காது என்று புத்தகம் முடிகிறது. பெட்டிக்கடியில் கிடக்கிற காகிதமும், துறைமுகத்துக்குப் போகிற வண்டியும், நாலு வருஷமும் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றன.

இரண்டு நாள் மென்று விழுங்கினேன். புதன்கிழமை சாயங்காலம் முதலாளியின் ஏட்டில் முகவரி பார்த்து, சண்டை போடுவது என்றே முடிவு கட்டிக்கொண்டு கதையக்கா வீட்டுக்குப் போனேன்.

மூன்றாவது சந்தில் மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. வாசலில் ஆண்பிள்ளைச் செருப்பு ஒரு ஜோடி, பளபளவென்று. கதவைத் தட்டிவிட்டுக் குனிந்து பார்த்தேன், சும்மா ஒரு வழக்கம்தான். செருப்பின் அடியில் ஒரு கீறல் இல்லை. கடை விலைச்சீட்டு ஒட்டியிருந்த இடம்கூடத் தேயவில்லை. அக்கா கதவைத் திறந்தாள், என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே ஒரு கட்டில், ஒற்றைத் தலையணை. கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஆணியில் ஒரு சட்டை தொங்கியது, கடையில் மடித்த மடிப்புக் கலையாமல். ஜன்னல் இல்லை.

“மாமா எங்கக்கா?” என்று கேட்டேன்.

அவள் பேசக் கூடாதே. தலை அளவு எழுதுகிற சீட்டுக் கட்டை எடுத்து, பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். ‘இல்லை.’

“வெளிய போயிருக்காரா?”

‘இருபத்தாறு வருஷமா.’

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். சண்டைக்கு வந்தவளுக்குச் சண்டையே மறந்துபோனது. அவள் அடுத்த சீட்டில் எழுதினாள். ‘வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு வீட்டுக்காரர் என்ன பண்றார்னு கேட்டாங்க. ஓடிப்போயிட்டார்னு சொல்ல வாய் வரலை. இருக்கார்னு சொல்லிட்டேன். சொன்னப்புறம் வளர்க்க வேண்டியதாப் போச்சு.’

பதினொரு வருஷம் என் வீட்டுக்காரரை இல்லாத ஒரு ஆளோடு ஒப்பிட்டுத் திட்டியிருக்கிறேன். அந்த நினைப்பு வந்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டேன். துணி மடித்ததும், செம்பு நிரப்பிய வரியை இரண்டு தடவை கேட்டதும், முற்றுப்புள்ளிக்கு எவ்வளவு எழுதுவான் என்று கேட்டதும் எல்லாம் இந்த அறையில், இந்த ஒருத்தி.

பிறகு சுருட்டை ஞாபகம் வந்தது, கோபமும் திரும்பி வந்தது. கதவுக் கதைப் புத்தகத்தை மடியிலிருந்து எடுத்து அவள் முன்னால் போட்டேன். “இதுக்கு என்னக்கா சொல்றீங்க? செத்த அம்மாவப் பேச வெச்சீங்க, போகட்டும். இதுல ஏன் கைய வெச்சீங்க?”

அவள் புத்தகத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். அப்புறம் எழுதினாள். ‘கதவு தட்டுற சத்தம்னு படிச்சதும் சுருட்டை கொக்கி ஒரு நொடி நின்னுபோச்சு. அடுத்த வரி பூட்டுக்காரன். எனக்கு அந்த நிக்கிறது தெரியும். அதுக்கு மேல படிக்க முடியலை.’

“நின்னா நிக்கட்டும்னு விட்டிருக்கணும்! முதலாளிக்குக் கொக்கி ஓடணும், உங்களுக்கு என்ன? அவ நாலு வருஷமாக் கதவத் திறந்து வெச்சிருக்கா. வெள்ளிக்கிழமை அந்த மனுஷன் போறாரு. அவ என்ன கேட்டா தெரியுமா? கதையில அவன் வந்தான்லன்னு கேட்டா.”

பென்சில் கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கடியில் போனது, நான்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். தன் பொய்யை யாராவது நம்பி ஏதாவது செய்வார்கள் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை, அது அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. கண் துடைத்துக்கொண்டு கடைசிச் சீட்டை எழுதினாள். ‘வெள்ளிக்கிழமை வர்றேன். இந்தப் புத்தகத்தை எடுத்து வை.’

வீட்டுக்குப் போனால் என் வீட்டுக்காரர் டிவி முன்னால் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். திட்டவில்லை. எழுந்தவர் பயந்துபோய், “உடம்புக்கு என்ன?” என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை கதையக்கா வந்தாள். தொண்டையிலிருந்து வந்த சத்தம் துருப்பிடித்த கீல் போல இருந்தது. மாடிவீட்டுக்காரி அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று தும்மல் கேட்டாள். “அதுக்கு வர்றேன். முதல்ல ஒரு பழைய பாக்கி,” என்று சொல்லிவிட்டுக் கதவுக் கதையின் கடைசி அத்தியாயத்தைத் திறந்தாள். “போன தடவ இத நான் தப்பாப் படிச்சேன். புத்தகத்துல இருக்கிறத இப்பப் படிக்கிறேன்.”

பூட்டுக்காரன் வந்த வரியில் நாலாவது நாற்காலியின் கொக்கி நின்றது. அக்கா அதைப் பார்த்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன், குரல் ஒரு கணம் இற்றுப்போனது, ஆனால் நிறுத்தவில்லை. பக்கத்துக் கொக்கி நின்றது, அதற்கடுத்தது நின்றது, கடைசியில் ஒன்றும் ஓடவில்லை. சத்தம் இல்லாததைக் கேட்டு முதலாளி கீழேயிருந்து ஏறிவந்து, “என்னம்மா இது, கொக்கி?” என்றார். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை. சாவி, சட்டைப் பை, சாத்திய கதவு என்று கடைசி வரி வரைக்கும் படித்துப் புத்தகத்தை மூடினாள்.

“நிறையப் புத்தகத்துல இப்படிப் பண்ணியிருக்கேன்,” என்றாள். “மாடிவீட்டுக்காரி அம்மா நாப்பத்தொண்ணாம் பக்கத்துலயே போயிட்டாங்க. இன்னொண்ணும் இருக்கு. எங்க வீட்டுக்காரர் சொன்னாரு சொன்னாருன்னு சொன்னதெல்லாம் நான் சொன்னது. அவரு விட்டுட்டுப் போயி இருபத்தாறு வருஷம் ஆச்சு.”

தும்மலுக்குத் தும்மல்கூட வரவில்லை. முதலாளி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, “அப்ப போன வருஷம் அவருக்குன்னு நான் கொடுத்தனுப்பின சட்ட?” என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஆணியில் தொங்கியது எது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சுருட்டை எழுந்து நின்றாள். கோபமா அழுகையா என்று தெரியாத முகம். கதையை மாற்றியதற்காகக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன், எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

“அக்கா, நான் அந்தக் கதைய நம்பி ஒண்ணும் காத்திருக்கல,” என்றாள். “கதைன்னா கதைதான்னு எனக்குத் தெரியாதா? நான் நம்பினது உங்க வீட்டுக்காரர. அப்படி ஒரு ஆம்பள நிஜமாவே ஒரு வீட்டுல இருக்கான், துணி மடிக்கிறான், சொல்றதக் கேக்கிறான். அப்ப எவனும் மாறலாம், எங்காளும் ஒருநாள் மாறி வரலாம்னு நெனச்சேன். தினம் காலையில டீ வந்ததும் அவரு என்ன சொன்னாருன்னு கேக்கத்தான் வந்தேன். அவருமா இல்ல?”

புத்தகத்தை மாற்றியதற்கு மன்னிப்புக் கேட்கத் தயாராக வந்த கதையக்கா, இதற்குத் தயாராக வரவில்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அல்லவா அவரை வளர்த்திருக்கிறோம்.

கீழே வண்டியின் ஹாரன் கேட்டது. சுருட்டை முடி ஒட்டாமலிருக்கப் போடுகிற மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. கொக்கியைக் கையில் பிடித்தபடியே படியிறங்கிப் போனாள். நான் ஜன்னலுக்கு ஓடினேன், என் பின்னால் பத்துப் பேர். முடிக்கட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவள். அவள் ஏதோ கேட்டாள், அவர் தலையைச் சொறிந்தார், அவள் இன்னும் ஏதோ சொன்னாள். வண்டி கிளம்பிப் போய்விட்டது. அவள் திரும்பி மேலே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, விட்ட முடிச்சிலிருந்து ஆரம்பித்தாள்.

“என்னடி சொன்ன?” என்றேன்.

“கதை கேப்பீங்களான்னு கேட்டேன். வண்டி ஓட்டும்போது தூக்கம் வந்துரும், வேணாம்னாரு. பொய் சொல்லல. காகிதத்துல கையெழுத்துப் போட்டு எல்லாம் முடியறதுக்கு ஆறு மாசம் ஆகும், அதுவரைக்கும் காத்திருக்க முடியுமான்னு கேட்டேன்.” கொக்கியை ஒரு சுண்டு சுண்டினாள். “எனக்குப் பழக்கம். அவருக்குப் பழக்கமான்னு பாக்கலாம்.”

திங்கட்கிழமை அவள் அண்ணனோடு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு மத்தியானம் வேலைக்கு வந்தாள். கதையக்காவிடம் மட்டும் பேசவில்லை. பத்து நாள் முகம் கொடுக்கவில்லை. கதையக்கா எதிரே உட்கார்ந்து, மாடிவீட்டுக்காரியை நாற்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து திரும்பப் படித்தாள், எழுத்து மாறாமல். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கொக்கிகள் அடிக்கடி நின்றன. முதலாளி இரண்டு தடவை ஏறிவந்து பார்த்துவிட்டு, அவரும் ஓர் ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போனார்.

படித்து முடித்த மறுநாள் காலை டீ வந்தது. தும்மல் டம்ளரை ஊதிக்கொண்டே, பதினொரு வருஷப் பழக்கத்தில், “ஏங்க்கா, இதுக்கு உங்க வீட்டுக்காரர் என்ன சொன்…” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லோரும் டம்ளருக்குள்ளேயே பார்த்தோம். கதையக்கா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“அவர விடு,” என்றாள் சுருட்டை, யாரையும் பார்க்காமல். “அக்கா என்ன சொல்றாங்கன்னு கேளு.”

கதையக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

“எனக்கு,” என்று ஆரம்பித்து, தொண்டையைச் செருமிக்கொண்டாள். “எனக்கு அந்த அம்மா செத்தது பிடிக்கவே இல்ல.”

“எங்களுக்கு மட்டும் பிடிச்சுதா?” என்றாள் தும்மல். பிறகு பலமாக ஒரு தும்மல் போட்டாள்.